சூடும் அச்சும்: தட்டை ஃபோம் ஷீட்டுக்கு வடிவம் வருவது எப்படி?

ஆம்பூரிலோ ராணிப்பேட்டையிலோ செய்த ஷூ வீட்டில் இருந்தால், அதன் உள்ளே பாதம் படும் மெத்தையான இன்சோலை வெளியே எடுத்துப் பாருங்கள். குதிகால் உட்காரும் இடம் சின்னக் குழியாக இருக்கும். அதைச் சுற்றி ஓரம் எழும்பி நிற்கும். உள்ளங்கால் வளைவுக்கு நேராக லேசான மேடு. விரல் பக்கம் போகப் போக மெலிந்து தட்டையாகிவிடும். இதை யாரும் செதுக்கவில்லை. துண்டு துண்டாக ஒட்டவும் இல்லை. தட்டையான ஃபோம் ஷீட் ஒன்றைச் சூடாக்கி, அச்சில் வைத்து அழுத்தி, ஆறவிட்டு எடுத்திருக்கிறார்கள்.

சொல்லப்போனால் மூன்றே வேலைதான்: சூடாக்குவது, அழுத்துவது, ஆறவிடுவது. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் நடுவில் இருப்பதைத்தான் பெரிதாக நினைப்பார்கள். பிரஸ் பெரிய மெஷின், சத்தமும் அதிகம், கண் அங்கேதான் போகும். ஆனால் சரக்கு கெட்டுப்போவது பெரும்பாலும் முதல் வேலையிலும் கடைசி வேலையிலும்தான். ஃபோம் சூட்டை லேசில் உள்ளே விடாது. உள்ளே போன சூட்டை லேசில் வெளியேயும் விடாது. அப்படிப்பட்ட பொருளைத்தான் சூட்டை வைத்து வளைக்கப் பார்க்கிறோம். இந்தத் தொழிலில் வரும் சிக்கல்களில் முக்கால்வாசி இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

பழைய வட ஆற்காடு மாவட்டம் 1989-இல் பிரிந்தது. அதில் மிஞ்சிய வேலூரும் 2019-இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. எந்த மாவட்டக் கணக்கில் வந்தாலும் ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று இந்த வட்டாரத்தில் ஏராளமான குடும்பங்களுக்குத் தோலும் ஷூவும்தான் பிழைப்பு. தோல் பதனிடுவதைப் பற்றிக் கேட்டால் டீக்கடையில்கூட நாலு பேர் விளக்குவார்கள். ஷூவுக்குள் இருக்கும் ஃபோமைப் பற்றிக் கேட்டால் "அது ஷீட்டுங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ஷீட்டுக்குள் என்ன இருக்கிறது?

ஷூ வேலையில் அதிகம் புழங்குவது இ.வி.ஏ. ஷீட். எத்திலீன் வினைல் அசிட்டேட் என்பதன் சுருக்கம். அதற்கு அடுத்தது பாலிஎத்திலீன் ஃபோம். பெயருக்குத்தான் இவை பிளாஸ்டிக் ஷீட். உள்ளே பெரும்பகுதி காற்றும் வாயுவும்தான். ஒரு கன மீட்டருக்கு 120 கிலோ அடர்த்தி உள்ள இ.வி.ஏ. ஷீட்டை எடுத்துக்கொள்வோம். ஓர் அடிக்கு ஓர் அடி, 6 மி.மீ. தடிமன் என்றால் அதன் எடை 67 கிராம் வரும். அதே அளவில் குமிழி இல்லாத கெட்டி இ.வி.ஏ. பலகை இருந்தால் அரைக் கிலோவைத் தாண்டும். அதாவது ஷீட்டின் பருமனில் நூற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பங்குதான் பிளாஸ்டிக். மிச்சமெல்லாம் குமிழிகள்.

இந்தக் குமிழிகள் எப்படி வந்தன? இ.வி.ஏ. துகளோடு இரண்டு பொடிகளைச் சேர்த்து அரைக்கிறார்கள். ஒன்று சூடு பட்டால் வாயுவைக் கக்கும் அசோடைகார்பனமைடு. இன்னொன்று பிளாஸ்டிக்கின் மூலக்கூறுகளுக்கு இடையே முடிச்சுப் போடும் பெராக்சைடு. இந்தக் கலவையைக் கனமான இரும்பு அச்சில் அடைத்து 160, 170 டிகிரி அளவில் அழுத்தி வைப்பார்கள். உள்ளே வாயு உண்டாகும், ஆனால் விரிய இடம் இருக்காது. நேரம் வந்ததும் பிரஸ்ஸைத் திறந்தால், பலகை ஒரே நொடியில் பல மடங்கு பொங்கி அச்சை விட்டு வெளியே எம்பும். முதல் தடவை பார்க்கிறவர்கள் ஓரடி பின்னால் போய்விடுவார்கள். பொங்கிய அந்தத் தடித்த பலகையை ஆறவைத்து, ஸ்பிளிட்டிங் மெஷினில் 2 மி.மீ., 3 மி.மீ., 6 மி.மீ. என்று சீவி ஷீட் ஆக்குகிறார்கள்.

இந்தக் குமிழிகள் ஒவ்வொன்றும் நாலாபுறமும் சுவர் அடைத்த தனி அறை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் காற்று போகாது, தண்ணீரும் போகாது. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் அறைகளுக்கு இடையே வழி திறந்திருக்கும், அதனால்தான் அது தண்ணீரைக் குடிக்கிறது. கையில் இருப்பது எந்த வகை என்று சந்தேகம் வந்தால் ஒரு துண்டைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிழிந்து பாருங்கள். நீர் ஏறாவிட்டால் மூடிய அறை ஃபோம். இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான்.

சூடு பட்டதும் என்ன நடக்கிறது?

இ.வி.ஏ.வும் பாலிஎத்திலீனும் நீளநீளமான மூலக்கூறுகளால் ஆனவை. அந்த மூலக்கூறுகளின் சில பகுதிகள் ஒழுங்காக மடிந்து அடுக்கி, கண்ணுக்குத் தெரியாத படிகங்களாக இறுகி இருக்கும். ஷீட் தன் வடிவத்தில் நிற்கிறது என்றால் அதற்கு இந்தப் படிகங்களின் பிடிதான் முக்கியக் காரணம். சூடு ஏறினால் படிகங்கள் உருகும். குறைந்த அடர்த்திப் பாலிஎத்திலீனில் இது 105 முதல் 115 டிகிரி செல்சியஸ் அளவில் நடக்கும். இ.வி.ஏ.வில் வினைல் அசிட்டேட் எவ்வளவு இருக்கிறதோ அதைப் பொறுத்து 70 முதல் 95 டிகிரிக்குள் நடந்துவிடும்.

படிகம் உருகிவிட்டால் பிளாஸ்டிக் கூழாகி வழிய வேண்டுமே, ஏன் வழிவதில்லை? அங்கேதான் பெராக்சைடு போட்ட முடிச்சுகள் உதவுகின்றன. படிகங்களின் பிடி போனாலும் முடிச்சுகள் மூலக்கூறுகளைக் கலைய விடுவதில்லை. அதனால் ஷீட் அந்தச் சூட்டில் ஒரு மெல்லிய ரப்பராக மாறுகிறது. இழுத்தால் நீளும், அமுக்கினால் படியும், விட்டால் பழையபடி திரும்பும். அந்த நிலையில் அச்சுக்குள் போட்டு அழுத்திப் பிடித்தபடி ஆறவிட்டால், புதிய இடத்தில் புதிய படிகங்கள் உருவாகும். குழி குழியாகவே நிற்கும், மேடு மேடாகவே நிற்கும்.

இதிலிருந்து ஒரு விஷயம் விளங்கும். வடிவத்தைத் தருவது அச்சு. அந்த வடிவத்தை நிற்க வைப்பது குளிர்ச்சி. அப்புறம் இன்னொன்று. முடிச்சுகளுக்குப் பழைய தட்டை வடிவம் மறப்பதே இல்லை. வடிவம் வந்த இன்சோலை அச்சில்லாமல் மறுபடி சூடாக்கினால் குழி தூர்ந்து, மேடு கரைந்து, தட்டை வடிவத்தை நோக்கியே போகும். சித்திரை, வைகாசி வேலூர் வெயிலில் மூடிய காருக்குள் இ.வி.ஏ. செருப்பைப் போட்டுவிட்டுப் போனால் அது சுருங்கி, வளைந்து, காலுக்குச் சேராமல் போவது இதனால்தான். வெயிலில் நின்ற காருக்குள் டேஷ்போர்டு பக்கம் 70 டிகிரியை நெருங்கிவிடும். இ.வி.ஏ. இளகத் தொடங்க அது போதும்.

எல்லா ஃபோமும் இப்படி வளைந்து கொடுக்காது. நாற்காலி மெத்தைக்குப் போடும் பாலியூரித்தேன் ஃபோம் தயாராகும்போதே நிரந்தரமாக இறுகிவிடும் வகை. 180, 200 டிகிரி அளவில் அழுத்திப் பிடித்தால் உள்ளாடைக் கப் போன்றவற்றுக்கு வடிவம் வாங்கலாம். ஆனால் அது வேறு கணக்கு, வேறு மெஷின். ஹவாய் செருப்பின் ரப்பர் ஷீட்டும் ஏற்கெனவே கந்தகம் சேர்த்துப் பக்குவமானது, சூட்டால் புது வடிவம் எடுக்காது. பாலிஸ்டைரீன் ஃபோம் ஷீட் நன்றாக வடிவம் எடுக்கும். அதில் படிகமும் இல்லை, முடிச்சும் இல்லை. 100 டிகிரியைத் தாண்டினால் இளகும், இன்னும் கொஞ்சம் தாண்டினால் குமிழிகள் உடைந்து சப்பையாகிவிடும். விருந்துகளில் புழங்கிய தெர்மாகோல் தட்டும் கிண்ணமும் இப்படி வந்தவைதான். தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் அவற்றைத் தடை செய்தது, அது நல்ல முடிவு. ஒரு வேளை சாப்பாட்டுக்காகக் காலத்துக்கும் மட்காத ஒரு பொருளைச் செய்ய வேண்டியதில்லை.

சூட்டை உள்ளே அனுப்புவது

இதுதான் வேலையின் கடினமான பகுதி. தடிமனான அடையைக் கல்லில் போட்டுத் தீயைக் கூட்டிவிட்டால் மேலே கருகும், நடுவில் மாவு பச்சையாகவே இருக்கும். ஃபோமிலும் அதேதான். மேற்பரப்பில் பட்ட சூடு உள்ளே நகர மாட்டேன் என்கிறது. மேற்பரப்பில் பிளாஸ்டிக்கும் கொஞ்சமே இருப்பதால், சூடு அங்கேயே குவிந்து அது சட்டென்று காய்ந்துவிடும். மேலே கை வைத்துப் பார்த்து "காய்ந்துவிட்டது" என்று எடுத்தால், நடுப்பகுதி இன்னும் இளகியே இருக்காது. அழுத்தும்போது வடிவம் வந்ததாகத் தெரியும். அரைமணி கழித்துப் பார்த்தால் நடுவில் இருந்த பழைய படிகங்கள் எல்லாவற்றையும் தட்டைக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கும்.

எவ்வளவு நேரம் சூடாக்குவது? ஒரு கணக்கு சொல்கிறேன். சூடு உள்ளே பரவும் நேரம் தடிமனின் வர்க்கத்தோடு ஏறும். 6 மி.மீ. ஷீட்டுக்கு இரண்டு பக்கமும் சூடு பட்டால் நடுவரை போய்ச் சேர ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆகும் என்றால், 12 மி.மீ. ஷீட்டுக்கு இரண்டு நிமிடம் போதாது. நாலு நிமிடம் வேண்டும். ஓவனில் காற்றிலிருந்து ஷீட்டுக்குச் சூடு இறங்கவே தனியாக நேரம் பிடிக்கும், அதனால் நிஜத்தில் ஒரு நிமிடம் என்பது இன்னும் நீளும், நாலு மடங்கு என்பது கொஞ்சம் குறையும். ஆனால் "தடிமன் இரட்டிப்பு, நேரமும் இரட்டிப்பு" என்று போட்டால் நிச்சயம் தப்பாகிவிடும். அவசரத்துக்கு ஓவன் சூட்டைக் கூட்டுவது அதைவிடப் பெரிய தப்பு. சூட்டை மிதமாக வைத்து நேரத்தைக் கூட்டுவதுதான் சரியான வழி.

சூடு மிஞ்சினால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. 27 டிகிரியில் இருக்கும் வாயுவை 147 டிகிரிக்குக் கொண்டுபோனால், விரிய இடம் கிடைக்கும்போது அது 1.4 மடங்கு பருமன் ஆகும். குமிழிச் சுவர்கள் இளகி நிற்கும் நேரத்தில்தான் உள்ளே இருக்கும் வாயுவும் இப்படி நெட்டித் தள்ளுகிறது. கொஞ்சம் வீங்கினால் பரவாயில்லை, அச்சு அதைப் பிடித்துக்கொள்ளும். அதிகமானால் சுவர் உடையும், மேற்பரப்பு சொரசொரப்பாகும், ஷீட் சுருங்கிக் கெட்டியாகிவிடும். அப்படி ஆன துண்டை மீட்க வழி கிடையாது.

சரியான நிலை வந்துவிட்டதா என்று கண்ணாலேயே ஓரளவு பிடிக்கலாம். சட்டத்தில் மாட்டிய ஷீட் முதலில் அங்கங்கே அலையடிக்கும். பிறகு தானாக இழுபட்டுச் சமமாகும். அப்புறம் நடுவில் மெல்லத் தொய்யும். தொய்வு தொடங்கும் இடம்தான் எடுக்க வேண்டிய நேரம். சட்டம் இல்லாமல் தட்டில் வைத்துச் சூடாக்கினால் ஒரு மூலையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். மூலையோடு நடுப்பகுதியும் சேர்ந்து துவண்டு வர வேண்டும். நடு விறைப்பாக நின்றால் இன்னும் கொஞ்சம் பொறுக்கணும்.

ஓவனிலிருந்து எடுத்த பிறகு நின்று பேச நேரம் இல்லை. ஓர் அடி ஷீட்டில் பிளாஸ்டிக்கே 67 கிராம்தான் என்று பார்த்தோமே, அவ்வளவு எடைக்குள் எவ்வளவு சூடு தங்கும்? காற்று பட்டதும் மேல்தோல் சில நொடிகளில் ஆறத் தொடங்கிவிடும். அதனால்தான் ஓவனையும் பிரஸ்ஸையும் கை எட்டும் தூரத்தில் வைக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே ஃபேன் ஓடக் கூடாது. கோடை மதியத்தில் தகரக் கூரைக்குக் கீழே ஃபேனை நிறுத்தி வேலை செய்வது கொடுமைதான். ஃபேனை ஓவன் பக்கம் திருப்பாமல் ஆளின் முதுகுப் பக்கம் காற்று வரும்படி வைப்பதற்கு ஒரு முதலாளி மெனக்கெட்டால் சரக்கும் பிழைக்கும், ஆளும் பிழைப்பார்.

அச்சில் நடப்பது

இன்சோலுக்கான அச்சு இரண்டு பாதி. கீழ்ப்பாதியில் காலின் அடிவடிவம், மேல்பாதியில் அதற்கு எதிர்வடிவம். பெரும்பாலும் அலுமினியம், ஏனென்றால் அது சூட்டை வேகமாகக் கடத்தும், உள்ளே தண்ணீர் ஓட வழி துளைக்கவும் எளிது. சூடான ஷீட்டைக் குளிர்ந்த அச்சுக்குள் வைத்து மூடுகிறார்கள். துணி ஒட்டிய ஷீட் என்றால் துணி எந்தப் பக்கம் என்று பார்த்து, குதிகால் பக்கத்தை முதலில் உட்கார வைத்து, விரல் பக்கம் வரை கையால் ஒரு தடவு தடவிவிட்டு பிரஸ்ஸை இறக்குவார்கள். அந்தத் தடவல் வெறும் பழக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். ஷீட் எங்கேயாவது தூக்கிக்கொண்டிருந்தால் அங்கே மடிப்பு விழும், அது பிறகு நடக்கிறவர் காலை உறுத்தும்.

துணி ஒட்டியதில் மடிப்பு அதிகம் வரும் இடம் ஹீல் கப், அதாவது குதிகால் உட்காரும் குழி. தட்டையான துணியைக் குழிக்குள் தள்ளும்போது ஓரத்தில் மிச்சத் துணி சேரும். பின்னல் துணி இழுபட்டுக் கொடுக்கும், நெய்த துணி கொடுக்காது. ஆழமான ஹீல் கப் வேண்டும் என்றால் பின்னல் துணியைத் தேர்ந்தெடுப்பதே பாதி தீர்வு. இதை அச்சு போட்ட பிறகு யோசித்தால் செலவு இரண்டாகும்.

ஒரே தடிமன் ஷீட்டிலிருந்து ஓரிடம் மெல்லியதாகவும் ஓரிடம் தடித்ததாகவும் எப்படி வருகிறது? அச்சின் இரண்டு பாதிக்கும் நடுவே விட்ட இடைவெளிதான். 10 மி.மீ. ஷீட்டை விரல் பக்கம் 5 மி.மீ. இடைவெளியில் அழுத்தினால் அங்கே குமிழிகள் நசுங்கி அடர்த்தி இரு மடங்காகும். 120 கிலோ அடர்த்தி ஷீட் அந்த இடத்தில் 240 ஆகிவிடும், கெட்டித்தன்மையும் ஏறும். எனவே அச்சு வரைகிறவர் வடிவத்தோடு, எந்த இடம் மெத்தென்று இருக்க வேண்டும், எந்த இடம் தாங்க வேண்டும் என்பதையும் சேர்த்துத்தான் வரைகிறார். நல்ல இன்சோலில் குதிகால் நடுவை விரலால் அமுக்கிப் பாருங்கள், பிறகு ஓரத்தை அமுக்கிப் பாருங்கள். வித்தியாசம் விரலுக்கே தெரியும்.

இனி ஆறவிடுவது. அச்சு தொட்ட மேற்பரப்பு உடனே குளிர்ந்துவிடும். நடுவில் இருக்கும் சூடு வெளியே வர, உள்ளே போன அளவு நேரமாவது பிடிக்கும். ஷிஃப்டுக்கு இத்தனை ஜோடி என்று கணக்கு இருக்கும்போது எல்லோரும் கை வைப்பது இந்த நேரத்தில்தான். சீக்கிரம் திறந்தால் வெளியே வரும்போது அழகாகவே இருக்கும். பெட்டியில் அடுக்கி மறுநாள் பார்த்தால் ஹீல் கப் விரிந்து, ஓரம் படுத்து, இடதும் வலதும் ஒன்றுக்கொன்று சேராமல் கிடக்கும். ஆறும் நேரத்தை வெட்டுவதைவிட இரண்டாவது அச்சு ஒன்று போட்டு, ஒன்று ஆறும்போது இன்னொன்றை ஓட்டுவதே லாபம் என்பது என் உறுதியான கருத்து. அச்சுக்குப் போகும் பணம் ஒரு தடவை போவது. திரும்பி வரும் சரக்கு மாதாமாதம் பணத்தைத் தின்னும்.

சரியாக ஆறவிட்டாலும் ஃபோம் கொஞ்சம் சுருங்கத்தான் செய்யும், அதுவும் ஒரே நாளில் முழுதாக முடியாது. அதனால் அச்சைச் சற்றுப் பெரிதாக வெட்டி, முதல் துண்டுகளை ஒரு நாள் வைத்திருந்து அளந்து, பிறகே ஓரம் வெட்டும் டிரிம்மிங் டையின் அளவை முடிவு செய்ய வேண்டும்.

அச்சு செய்பவர்களுக்கு இன்னும் சில விஷயம். செங்குத்தான சுவர் வைக்காதீர்கள், மூன்று டிகிரியாவது வெளிப்பக்கம் சாய்வு கொடுங்கள். இல்லாவிட்டால் துண்டு பிடித்துக்கொள்ளும். கூர்மையான மூலை ஃபோமில் வராது, வளைத்துவிடுங்கள். குழியின் அடியில் காற்று மாட்டிக்கொள்ளும், அது வெளியேற ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துளைகள் வேண்டும். துளை பெரிதானால் இன்சோலில் பரு பருவாகத் தெரியும். மாதிரி பார்க்க மர அச்சோ பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சோ போதும். பிளாஸ்டர் என்றால் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், ஈரம் மிச்சமிருந்தால் சூட்டில் ஆவியாகி மேற்பரப்பைக் கெடுத்துவிடும். மரமும் பிளாஸ்டரும் சூட்டை லேசில் கடத்தாது. நாலைந்து துண்டு எடுத்ததும் அச்சே சூடாகிவிடும், அதை ஆறவிட்டுத்தான் அடுத்தது.

இரண்டு பாதி அச்சு இல்லாமல் ஒரே பாதியும் காற்றை உறிஞ்சும் பம்பும் வைத்துச் செய்யும் முறையும் உண்டு. ஷீட்டுக்கும் அச்சுக்கும் நடுவே இருக்கும் காற்றை எடுத்துவிட்டால் வெளிக்காற்றே சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அளவில் ஷீட்டை அச்சின்மேல் அமுக்கும். அதற்கு மேல் ஒரு கிராம்கூடக் கிடைக்காது. மெல்லிய ஷீட்டுக்கும் பெரிய வளைவுக்கும் இது போதும். தடித்த ஷீட்டை நசுக்கி மெலிதாக்க இது போதாது.

கரிகிரியும் பாகாயமும்

இந்தத் தொழில்நுட்பத்தின் மதிப்பு எனக்கு ஷூ கம்பெனியைவிட ஆஸ்பத்திரியில்தான் அதிகம் தெரிகிறது. வேலூர் சி.எம்.சி.க்கு 1946-இல் வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கால் புண்ணாவதற்கான காரணத்தை எடுத்துக்காட்டியவர். சதை தானாக அழுகுவதில்லை. உணர்ச்சி போன கால், கல் குத்தினாலும் ஓரிடத்திலேயே அழுத்தம் விழுந்துகொண்டிருந்தாலும் வலியைச் சொல்வதில்லை. அதனால் புண் வருகிறது. வேலூரை அடுத்த கரிகிரியில் 1955-இல் தொடங்கிய தொழுநோய் ஆராய்ச்சி மையம், பாகாயத்தில் 1966-இல் தொடங்கிய மறுவாழ்வு மையம் என்று இந்த ஊர் கால்களைக் காப்பாற்றும் வேலையில் நீண்ட அனுபவம் உள்ள ஊர். இன்று சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்த கால்களுக்கும் அதே பாடம்தான் பொருந்துகிறது.

பாடம் எளிமையானது. 60 கிலோ எடையுள்ளவர் ஒற்றைக் காலில் ஊன்றும்போது, தரையில் படுவது 60 சதுர சென்டிமீட்டர் என்றால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் ஒரு கிலோ விழும். இன்சோல் உள்ளங்கால் வளைவு வரை ஏறித் தாங்கிப் படும் பரப்பை 120 ஆக்கினால் அது அரைக் கிலோ. எலும்பு துருத்தும் இடத்தில் மட்டும் விழுந்துகொண்டிருந்த பாரம் பரவிப் போகிறது. தொழுநோயாளிகளுக்கான செருப்பில் நெடுங்காலமாகப் போடப்படும் மிருதுவான மைக்ரோசெல்லுலார் ரப்பர் (நுண்குமிழிகள் நிறைந்த ரப்பர்) இதில் பெரிய உதவி. ஆனால் அது சூட்டில் வடிவம் எடுக்காது. தட்டையாக வெட்டி, வேண்டிய இடத்தில் மேடு ஒட்ட வேண்டும். பாலிஎத்திலீன் ஃபோமும் இ.வி.ஏ.வும் ஒருவரின் காலுக்கென்றே முழு வடிவம் எடுக்கும்.

முடிச்சுப் போட்ட பாலிஎத்திலீன் ஃபோமை 140 டிகிரி ஓவனில் இளக்கி, சாக்ஸ் போட்ட காலின் அடியிலேயே வைத்து வடிவம் எடுப்பவர்கள் உண்டு. 140 டிகிரியில் இருப்பதைக் காலில் வைத்தால் வெந்துவிடாதா? உலோகமாக இருந்தால் வெந்துவிடும். ஃபோமில் பிளாஸ்டிக் கொஞ்சம், அதில் தங்கும் சூடும் கொஞ்சம், உள்ளே இருப்பதும் மெதுவாகத்தான் வெளியே வரும். தொழிற்சாலையில் நமக்குத் தொல்லை தரும் அதே குணம் இங்கே காலைக் காப்பாற்றுகிறது. இருந்தாலும் உணர்ச்சி இல்லாத காலில் இதை நேரடியாகச் செய்யவே கூடாது. சுட்டால் சொல்ல அந்தக் காலுக்குத் தெரியாது. முதலில் காலை பிளாஸ்டரில் அச்செடுத்து, அந்த அச்சின்மேல்தான் ஃபோமை அமுக்கி வடிவம் எடுக்க வேண்டும். வீட்டில் யாராவது சர்க்கரை நோயாளிக்கு "நானே சூடாக்கிச் செய்து தருகிறேன்" என்று கிளம்பினால் தடுத்துவிடுங்கள். அது பயிற்சி பெற்றவர்கள் செய்ய வேண்டிய வேலை.

மிருதுவான பாலிஎத்திலீன் ஃபோம் சில மாதங்களில் நசுங்கி உயிர் போய்விடும். அதனால் மேலே மெத்தென்று ஓர் அடுக்கும், கீழே கெட்டியான இ.வி.ஏ. அடுக்கும் சேர்த்துச் செய்கிறார்கள். நசுங்கியதை மாற்றச் சொன்னால் மாற்றிவிட வேண்டும். பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்று ஓட்டக் கூடாது.

செய்து பார்க்க விரும்பினால்

ஸ்டேஷனரி கடையில் கைவேலைக்கு விற்கும் இ.வி.ஏ. ஷீட் போதும். ஆண்டு விழாவுக்குக் கிரீடமோ கவசமோ செய்ய நினைக்கும் பிள்ளைகளுக்கும் இது நல்ல தொடக்கம். 5 அல்லது 6 மி.மீ. ஷீட்டில் ஒரு துண்டு, கவிழ்த்து வைத்த எவர்சில்வர் கிண்ணம், சூடான காற்றை ஊதும் ஒரு ஹீட் கன். ஹீட் கன்னை ஓரிடத்தில் நிறுத்தாமல் ஒரு சாண் தள்ளி ஆட்டிக்கொண்டே இருங்கள். ஒரு பக்கம் கொஞ்சம், மறுபக்கம் கொஞ்சம் என்று திருப்பித் திருப்பிக் காட்டுங்கள். துவண்டு விழும் நிலை வந்ததும் கையுறை போட்டுக்கொண்டு கிண்ணத்தின் மேல் வைத்து ஓரங்களை இழுத்துப் பிடியுங்கள். இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து எடுங்கள். அடுத்த துண்டை அரை நிமிடத்திலேயே எடுத்துவிடுங்கள். இரண்டையும் மறுநாள் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஆறும் நேரம் என்ன செய்கிறது என்று விளங்கிவிடும்.

சமையல் ஓவனில் இதைச் செய்ய வேண்டாம். ஜன்னல் திறந்த இடமாக இருக்கட்டும், பக்கத்தில் ஒரு வாளி மணல் வையுங்கள், இ.வி.ஏ. தீப்பிடித்தால் உருகிச் சொட்டிக்கொண்டே எரியும். என்ன ஃபோம் என்று தெரியாததைச் சூடாக்காதீர்கள். பாலியூரித்தேனோ பி.வி.சி.யோ கருகினால் வரும் புகை விஷம். வெட்டிய ஓரங்களைக் கொளுத்தவும் வேண்டாம். முடிச்சுப் போட்ட இ.வி.ஏ.வை மறுபடி உருக்கித் துகளாக்க முடியாது, ஆனால் பொடியாக அரைத்துப் புதுக் கலவையில் ஒரு பங்காகச் சேர்க்கலாம். அந்தக் கழிவை வாங்கிக்கொள்கிறவர்கள் இருந்தால் சேர்த்து வைத்துக் கொடுப்பது நல்லது.

கொஞ்சம் பெரிய அளவில் வாங்கப் போனால் கடையில் நாலு விஷயம் கேளுங்கள்: இ.வி.ஏ.வா பாலிஎத்திலீனா, கிராஸ்லிங்க் செய்ததா (அதாவது மூலக்கூறு முடிச்சுப் போட்டதா), தடிமன் எவ்வளவு, ஷோர் எவ்வளவு. ஷோர் என்பது கெட்டித்தன்மையின் அளவு. 25, 30 என்றால் மெத்தென்று இருக்கும், 50 என்றால் தாங்கும். நிறத்தை வைத்துத் தரம் சொல்ல முடியாது. ஒரே நிறத்தில் வேறு வேறு அடர்த்தி வரும். அதனால் ஓர் அடித் துண்டை வாங்கி எடை போட்டு, மேலே சொன்ன 67 கிராம் கணக்கைப் போல நீங்களே அடர்த்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை வாங்கும்போது அதே எடை வருகிறதா என்று சரிபாருங்கள். எடை மாறியிருந்தால் ஓவன் நேரத்தையும் புதிதாகப் பார்க்க வேண்டியிருக்கும்.